‘ஒரு கட்டிங்தானே சார்!’ என்றால் கோர்ட்டு விடுமா? குடிபோதையில் வண்டி ஓட்டினால் ரூ.10 ஆயிரம் அபராதம், 6 மாதம் ஜெயில்

புதுப்பட்டினம்,

சனி, ஞாயிறு வந்துவிட்டால் கிழக்குக் கடற்கரை சாலையில் வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னையில் இருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்களும், அங்கிருந்து திரும்புகிற கார்களும் புதுப்பட்டினம் கடைத்தெருவை உரசிக்கொண்டு பறக்கின்றன.

பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பு. தெற்கே வாயலூர், கூவத்தூர். வடக்கே மாமல்லபுரம். மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கும் பெண்கள், சைக்கிளில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்கள் எல்லோருக்கும் இந்த ஒரே சாலைதான்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில், ‘லேசாக’ ஏற்றிக்கொண்டு வண்டியை முறுக்குகிறவர்களும் வருகிறார்கள். போலீசார் கை காட்டி நிறுத்தினால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “ஒரு கட்டிங்தானே சார்!”

அந்த ‘ஒரு கட்டிங்’குக்கு சட்டம் என்ன விலை போட்டிருக்கிறது? பலருக்குத் தெரியாது. தெரியும்போது கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள்.

30 மில்லி கிராம்

இது மத்திய அரசின் சட்டம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு. அதை அமல் செய்வது தமிழ்நாடு போலீசாரும், போக்குவரத்துத் துறையும்.

100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அவ்வளவுதான். வண்டி தள்ளாடியதா, யார் மீதாவது மோதியதா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. “நான் ஸ்டெடியாத்தானே ஓட்டினேன்” என்ற வாதம் இங்கே எடுபடாது.

இன்னொன்றும் உண்டு. வண்டியை ஓட்டினால் மட்டும் அல்ல, ஓட்ட முயன்றாலே இந்தப் பிரிவு பாயும். கஞ்சா போன்ற போதைப்பொருள் சாப்பிட்டுவிட்டு, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் ஓட்டினாலும் இதே தண்டனைதான்.

இந்த 30 என்பது கறாரான எல்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 80 மில்லி கிராம் வரை விடுகிறார்கள். மலேசியா 2020-ல்தான் 80-ல் இருந்து 50-க்கு இறக்கியது. நம் நாட்டில் 30.

குவார்ட்டர் கணக்கு

சரி, எவ்வளவு குடித்தால் 30-ஐத் தாண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும்.

கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் போன்றவற்றில் 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது.

60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் அதை முழுதாகக் குடித்தால், ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 150 மில்லி கிராம் ஏறும். அதாவது சட்டத்தின் எல்லையைப்போல 5 மடங்கு. பாதி அளவான ‘கட்டிங்’ போட்டால் கூட 75. இரண்டரை மடங்கு!

பீர் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்களும் உண்டு. 650 மில்லி சாதாரண பீர் ஒரு பாட்டில் குடித்தால் அதே ஆளுக்கு 60-க்கு மேல் போய்விடும். ‘ஸ்ட்ராங்’ பீர் என்றால் 100-ஐத் தொடும்.

ஆளின் எடை, சாப்பாடு, உடல்வாகு இவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் ஏறலாம், இறங்கலாம். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அளவு இன்னும் கூடுமே தவிர குறையாது.

காலையில் பிடிபடுவது எப்படி?

“ராத்திரி குடிச்சதுக்குக் காலையில ஏன் சார் பிடிக்கிறீங்க?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பதில் இருக்கிறது.

ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 15 மில்லி கிராம் அளவுதான் ஆல்கஹாலை எரிக்கும். அதற்கு மேல் அதை விரட்ட முடியாது. கட்டங்காப்பி, எலுமிச்சம்பழச் சாறு, மோர், தலைக்குக் குளியல் எதுவும் ரத்தத்தில் இருப்பதைக் குறைக்காது. தூக்கம் வேண்டுமானால் தெளியும். கருவி தெளியாது.

ராத்திரி 10 மணிக்கு 150-ல் இருப்பவர், 12 மணிக்கு 120-ல் இருப்பார். 2 மணிக்கு 90. 4 மணிக்கு 60. காலை 6 மணிக்குத்தான் 30-க்கு வருவார். அதற்கு மேலும் ஊற்றியிருந்தால், காலை ஷிப்டுக்கு வண்டி எடுக்கும்போதும் அவர் சட்டப்படி குடிபோதையில்தான் இருக்கிறார்.

விடியற்காலையில் லோடு ஏற்றப் போகும் வேன் டிரைவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் ஆட்டோ டிரைவர்களும் இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊத மாட்டேன் என்றால்?

ஒரு காலத்தில் வாயை மோந்து பார்த்தே வழக்குப் போட்டார்கள். அது கோர்ட்டில் நிற்கவில்லை. வாயில் சாராய நெடி அடித்தது, நடை தள்ளாடியது, பேச்சு குழறியது என்பதை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்று முடிவு கட்ட முடியாது என 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் சொல்லிவிட்டது.

அதனால்தான் இப்போது கருவி. மூச்சில் வரும் ஆல்கஹாலை வைத்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ரத்தப் பரிசோதனை போன்ற லேபரட்டரி சோதனையின் முடிவும் செல்லும்.

யூனிபாரத்தில் இருக்கும் போலீஸ் அதிகாரியோ, மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் ஊதச் சொல்லலாம். இது 203-வது பிரிவு.

“ஊத மாட்டேன்” என்று அடம் பிடித்தால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது நடக்காது. சந்தேகம் இருந்தால் வாரண்டு இல்லாமலே கைது செய்யலாம். அதோடு, தக்க காரணம் இல்லாமல் சோதனைக்கு மறுத்ததையே அவருக்கு எதிரான சாட்சியமாக கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று 205-வது பிரிவு சொல்கிறது.

பொதுமக்களுக்கும் பாதுகாப்பு உண்டு. 185-வது பிரிவில் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனைக்குக் கொண்டு போக வேண்டும். கொண்டு போகத் தவறினால் விட்டுவிட வேண்டும். இதுவும் அதே சட்டத்தில்தான் எழுதி இருக்கிறது.

முதல் தடவை, இரண்டாம் தடவை

இப்போது தண்டனை.

முதல் தடவை பிடிபட்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து.

இரண்டாவது தடவையோ, அதற்கு மேலோ பிடிபட்டால் 2 வருடம் வரை ஜெயில், அல்லது ரூ.15 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

முன்பு இது முதல் தடவைக்கு ரூ.2 ஆயிரம் வரையிலும், அடுத்த தடவைக்கு ரூ.3 ஆயிரம் வரையிலும்தான் இருந்தது. 2019 செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தச் சட்டம் அதை ஒரேயடியாக உயர்த்தியது. தமிழ்நாட்டில் போக்குவரத்து அபராதங்களை உயர்த்தும் அரசாணை 2022 அக்டோபரில் வெளிவந்தது. அதன் பிறகுதான் ‘பத்தாயிரம்’ என்ற பேச்சு டீக்கடை வரை வந்தது.

ஹெல்மெட் போடாத குற்றம் போல இதை நின்ற இடத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ள முடியாது. அப்படி முடிக்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185-வது பிரிவு இல்லை. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே ரோட்டில் யாராவது “ஆயிரம், ஐநூறு கொடுத்துட்டுப் போ” என்று சொன்னால் அது அபராதம் அல்ல. அதற்கு வேறு பெயர்.

கோர்ட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டால் வழக்கு மறந்து போகும் என்பதும் தப்புக் கணக்கு. சென்னையில் 2023-ல் போக்குவரத்து போலீசார் கால் சென்டர் அமைத்து, அபராதம் கட்டாத குடிபோதை வழக்குக்காரர்களுக்கு போன் போட்டு வரவழைத்தார்கள். வராதவர்கள் மீது கோர்ட்டு மூலம் ஜப்தி நடவடிக்கையும் எடுத்தார்கள்.

லைசென்சு போச்சு!

பத்தாயிரம் ரூபாயைக் கடனோ உடனோ வாங்கிக் கட்டிவிடலாம். அதோடு போய்விடாது.

185-வது பிரிவில் பிடிபட்டவரின் டிரைவிங் லைசென்சைப் போலீசார் கைப்பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அவரிடம் விளக்கம் கேட்டபின், முதல் தடவை என்றால் 3 மாதத்துக்கு லைசென்சைத் தகுதி நீக்கம் செய்யலாம். இரண்டாம் தடவை என்றால் லைசென்சையே ரத்து செய்துவிடலாம்.

கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பானால் இன்னொரு அடி. 20-வது பிரிவுப்படி, குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டத் தகுதி இல்லை என்று மாஜிஸ்திரேட்டு உத்தரவு போட வேண்டும்.

அந்த ஆறு மாதத்தில் திருட்டுத்தனமாக வண்டி எடுத்தால்? அதற்குத் தனி வழக்கு. 3 மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.10 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும்.

ஆபீசுக்கு மோட்டார் சைக்கிளில் போகிற குமாஸ்தா, ஆறு மாதம் பஸ்சில் போய் வந்துவிடுவார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருக்கு? டூரிஸ்ட் கார், மீன் வண்டி ஓட்டுகிறவருக்கு? ஆறு மாதம் அடுப்பு எரியாது. வண்டிக்கு வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியாது. தண்டனை அவருக்கு, பட்டினி வீட்டில் இருக்கிறவர்களுக்கு.

பின்னால் உட்கார்ந்தவருக்கும் உண்டு

“ஓட்டினது அவன்தான், நான் சும்மா பின்னால உட்கார்ந்திருந்தேன்” என்பவருக்கும் செய்தி இருக்கிறது.

188-வது பிரிவு என்று ஒன்று. குடிபோதையில் வண்டி ஓட்டத் தூண்டியவருக்கும், துணை போனவருக்கும் அதே தண்டனை. குடித்திருக்கிறான் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்த வண்டி உரிமையாளர் மீதும் இது பாயலாம்.

2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீசார் இந்தப் பிரிவைக் கையில் எடுத்தார்கள். குடித்தவர் ஓட்டும் வண்டியில் கூட வருகிறவர்கள் மீதும் வழக்கு என்று அறிவித்தபோது பெரிய பரபரப்பே ஏற்பட்டது. “நான் குடிக்கவே இல்லையே” என்று சொன்னாலும், தெரிந்தே ஏறினாயே என்பதுதான் சட்டத்தின் கேள்வி.

உயிர் போனால்...

இதுவரை சொன்னது எல்லாம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாதபோது. ஓர் உயிர் போய்விட்டால் வழக்கே வேறு.

2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் பழைய சட்டத்தில் 2 வருடம் வரைதான் ஜெயில். புதிய சட்டத்தின் 106-வது பிரிவில் 5 வருடம் வரை ஜெயில், அபராதம்.

குடித்துவிட்டு ஓட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே ஓட்டினார் என கோர்ட்டு முடிவு செய்தால், அது வெறும் விபத்து அல்ல. கொலை ஆகாத மரணம். 105-வது பிரிவில் 10 வருடம் வரை ஜெயில்.

மும்பையில் 2006 நவம்பரில் பாந்த்ரா கார்ட்டர் ரோட்டில், நடைபாதையில் படுத்திருந்த கூலித் தொழிலாளர்கள் மீது ஒரு கார் ஏறியது. 7 பேர் இறந்தார்கள். 8 பேர் காயம் அடைந்தார்கள். கீழ்க்கோர்ட்டு 6 மாத ஜெயிலோடு விட்டது. ஐகோர்ட்டு அதை 3 வருடமாக்கியது. 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது.

டெல்லியில் 1999 ஜனவரியில் பி.எம்.டபிள்யூ. கார் மோதி, 3 போலீஸ்காரர்கள் உள்பட 6 பேர் இறந்த வழக்கிலும், அது அஜாக்கிரதை அல்ல, கொலை ஆகாத மரணம்தான் என்று 2012 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

நம் ஊர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். 2022-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். ஒரு நாளைக்குச் சராசரி 49 பேர். எல்லாமே குடியால் வந்தது அல்ல. ஆனால் அந்த 49-ல் ஒன்றைக் கூட்டுவதா குறைப்பதா என்பது சாவியைக் கையில் வைத்திருப்பவரிடம்தான் இருக்கிறது.

இன்சூரன்சு கை விரிக்கும்

“வண்டிக்குத்தான் இன்சூரன்சு இருக்கே” என்று தெம்பாக இருப்பவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

2007 டிசம்பரில் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி நொறுங்கியது. குடித்துவிட்டு ஓட்டியதால் பணம் தர முடியாது என்றது இன்சூரன்சு கம்பெனி. கருவியில் ஊதவும் இல்லை, ரத்தம் எடுக்கவும் இல்லையே என்று வாதாடினார்கள். மற்றச் சாட்சியங்களை வைத்தே முடிவு செய்யலாம் என்று 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ரோட்டில் அடிபட்டவரின் குடும்பத்துக்குப் போக வேண்டிய நஷ்டஈடு வேறு. அதை முதலில் இன்சூரன்சு கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவு போட்டது உண்டு. லட்சக்கணக்கான ரூபாய்! வீட்டை விற்றாலும் அடைபடுமா?

கடையும் அரசுதானே?

இவ்வளவையும் கேட்டால் யாருக்கும் ஒரு கேள்வி வரும். “விக்கிறதும் அவங்களே, ஊதச் சொல்றதும் அவங்களே. இது என்ன நியாயம்?” என்று கடைத்தெருவில் கேட்கிறார்கள். கேட்கக்கூடாத கேள்வி இல்லை. 2003-ல் இருந்து தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது.

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. போனதும் தமிழ்நாட்டில் இருந்துதான். நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை எதற்கு என்று வக்கீல் கே.பாலு தொடர்ந்த வழக்கில், 2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நாடு முழுவதற்கும் ஒரு தீர்ப்புச் சொன்னது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. விளம்பரப் பலகையும் கூடாது.

2017 மார்ச் 31-ந் தேதி அதில் சிறு மாற்றம் வந்தது. 20 ஆயிரம் பேருக்கு மேல் மக்கள்தொகை இல்லாத ஊர்களில் 220 மீட்டர் போதும் என்றார்கள். மறுநாள் தமிழ்நாட்டில் 3 ஆயிரத்துக்கும் அதிகமான கடைகளுக்குப் பூட்டுப் போடப்பட்டது.

பிறகு நடந்தது ஊர் அறிந்த கதை. மூடிய கடைகளைக் குடியிருப்புகளுக்குள் கொண்டு போனபோது பெண்கள் திரண்டு மறியல் செய்தார்கள். 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் கொடுத்தது. 2018 பிப்ரவரியில் ஊராட்சிப் பகுதிகள் பற்றிய முடிவையும் மாநில அரசுகளிடமே விட்டுவிட்டது. பெரிய கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டது.

ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதை மாஜிஸ்திரேட்டு முன்னால் சொல்லித் தப்ப முடியாது. கடை இருந்தது என்பது குடித்ததற்குக் காரணம் ஆகலாம். வண்டி ஓட்டியதற்குக் காரணம் ஆகாது.

புதுச்சேரி பாட்டில்

இந்தச் சாலைக்கு என்றே இன்னொரு தொல்லை உண்டு. புதுச்சேரியில் விலை மலிவு என்று வாங்கி, டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். தமிழ்நாட்டின் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இது தனிக் குற்றம். வண்டியே பறிமுதல் ஆகக்கூடும். குடித்தும் இருந்து, டிக்கியில் பாட்டிலும் இருந்தால் இரண்டு சட்டத்தில் இரண்டு வழக்கு!

வழி இல்லாமல் இல்லை

குடிப்பதும் குடிக்காததும் அவரவர் பாடு. குடித்துவிட்டால் சாவியைத் தொடக்கூடாது என்பதுதான் சட்டம் கேட்பது.

பஸ் இருக்கிறது. ஆட்டோ இருக்கிறது. குடிக்காத நண்பர் ஒருவர் ஓட்டலாம். கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போகிறவர்கள், திரும்பும்போது யார் ஓட்டுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்துக்கொள்ளலாம். மது பரிமாறும் ஓட்டல்காரர்களும், தள்ளாடி வருகிற ஆளிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காமல் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டால் புண்ணியம்.

வீட்டில் இருக்கிற பெண்களுக்கும் ஒரு வழி உண்டு. “வண்டியை அங்கேயே பூட்டிட்டு வாங்க, காலையில எடுத்துக்கலாம்” என்று போனில் ஒரு வார்த்தை. காலையில் என்றால் விடிந்ததும் அல்ல. நன்றாகப் பொழுது ஏறிய பிறகு.

புதுப்பட்டினத்தில் இருந்து மாமல்லபுரத்துக்கு ஆட்டோ பிடித்தால் சில நூறு ரூபாய் ஆகும். அதை மிச்சம் பிடிக்கப் போனால் பத்தாயிரம். அதோடு ஆறு மாதம் லைசென்சு. அதற்கு மேலும் போனால், யாரோ ஒரு வீட்டில் சம்பாதிக்கிற ஆள். எது லாபம் என்று கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் சொல்லித் தர வேண்டியது இல்லை.